இணையம் இல்லாத கணினியில் வாங்கிய பாடல்களைப் பராமரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காசு கொடுத்து வாங்கிய பாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபையை அணையுங்கள். இணையக் கேபிள் இருந்தால் அதையும் கழற்றுங்கள். கணினியை ஒருமுறை மூடித் திறங்கள். இப்போது வாங்கிய கடையின் செயலியைத் தொடாமல், விஎல்சி போன்ற வேறொரு பிளேயரில் அந்தப் பாடலை ஓடவிடுங்கள். ஓடினால் பாடல் உங்கள் கையில் இருக்கிறது. ஓட மறுத்தால், கேட்பதற்கான அனுமதியை மட்டும் வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். அந்த அனுமதி எங்கோ ஒரு சர்வரில், இன்னொருவர் பொறுப்பில் இருக்கிறது.

இணையம் இல்லாத கணினிக்கு இன்று நல்ல தேவை இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகள் பல வீடுகளில் நல்ல நிலையிலேயே கிடக்கின்றன. அவற்றை இணையத்திலிருந்து விலக்கிப் பாட்டுக்கென்றே ஒதுக்கிவிடலாம். நாட்டியப் பள்ளிகளில் ஒத்திகைக்கும் மேடைக்கும் இணையம் இல்லாத மடிக்கணினிதான் சரி. வர்ணத்தின் நடுவே அறிவிப்பு மணி அடிக்காது. சிக்னல் எட்டாத ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் பாட்டு ஏற்றிக்கொடுக்கவும் இதைவிட நிம்மதியான வழி கிடையாது.

இரண்டு கொள்கைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் ஒவ்வொரு படியும் இவற்றிலிருந்து பிறப்பதுதான். ஒன்று: பாடலைப் பற்றிய தகவல் எல்லாம் பாடல் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், பிளேயரின் தரவுத்தளத்தையோ கடையின் கணக்கையோ நம்பி இருக்கக் கூடாது. இரண்டு: இணையம் இல்லாத கணினியில் இருப்பதுதான் மூலச் சேகரம். இணையம் உள்ள கணினி பாடல் உள்ளே வரும் வாசல், அவ்வளவே.

முதலில், கையில் இருப்பது என்ன?

வாங்கியதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பாடல்கள் மூன்று வகை.

முதல் வகை பூட்டில்லாத கோப்புகள், அதாவது யாருடைய அனுமதியையும் கேட்காமல் எந்தப் பிளேயரிலும் ஓடுபவை. பேண்ட்கேம்ப், கோபஸ் போன்ற கடைகளில் விலை கொடுத்து இறக்குபவை இவை. ஐடியூன்ஸ் ஸ்டோரில் 2009-க்குப் பிறகு வாங்கிய பாடல்களும் இப்படித்தான். நொடிக்கு 256 கிலோபிட் தரத்தில், எம்4ஏ என்று முடியும் பெயரோடு இருக்கும். இந்தியாவில் அந்தக் கடை திறந்ததே 2012 டிசம்பரில் என்பதால், இங்கே வாங்கியவர்களுக்குப் பூட்டுத் தொல்லை கிடையாது.

இரண்டாவது வகை பூட்டுள்ள பழைய கோப்புகள். 2003-இல் ஐடியூன்ஸ் ஸ்டோர் தொடங்கியபோது பாடல்கள் ஃபேர்பிளே என்ற டிஆர்எம் பூட்டோடு, எம்4பி என்ற பின்னொட்டோடு, 128 கிலோபிட் தரத்தில் வந்தன. அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கம் அந்நாளில் இருந்த நம்மவர்களிடம் இவை இன்னும் இருக்கும். ஒரு கணக்குக்கு ஐந்து கணினிகள் வரை அனுமதி தரலாம். அனுமதி தரும் நேரத்தில் மட்டும் இணையம் வேண்டும். பிறகு இணையம் இல்லாமலும் ஓடும். ஆனால் விண்டோஸை மறுபடி நிறுவினாலோ கணினியை மாற்றினாலோ அனுமதியை மீண்டும் கேட்க வேண்டியிருக்கும். அந்த ஆபத்தைத் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டாம். வாங்கிய கணக்கில் நுழைந்து பாடலை மீண்டும் இறக்கிப் பாருங்கள்; எம்4ஏ கோப்பாக வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால், ஐடியூன்ஸ் அனுமதிக்கும் வழியிலேயே அவற்றை ஆடியோ சிடியில் எழுதி, அந்தச் சிடியிலிருந்து திரும்ப எடுங்கள். திரும்ப எடுக்கும்போது எம்பி3 போல மறுபடி சுருக்கினால் தரம் கொஞ்சம் குறையும், ஆனால் பாட்டு மிஞ்சும்.

மூன்றாவது வகை சந்தாச் சேவைகளில் ‘டவுன்லோட்’ செய்தவை. ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், ஆப்பிள் மியூசிக் சந்தா எல்லாம் இதில் அடங்கும். இவை வாங்கியவை அல்ல. ஸ்பாட்டிஃபை 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொடச் சொல்கிறது. இணையமே இல்லாத கணினியில் இவற்றுக்கு இடமில்லை. ஒரு எச்சரிக்கை: ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்கிய பாடலும் வாங்கிய பாடலும் நூலகத்தில் அருகருகே ஒரே மாதிரி தெரியும். கோப்பின் பின்னொட்டைப் பார்த்துப் பிரித்தெடுங்கள்.

பூட்டைப் பற்றி ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதற்கு வரலாறு இருக்கிறது. எம்எஸ்என் மியூசிக் கடையில் விற்ற பாடல்களுக்கு உரிமம் தரும் சர்வரை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2008-இல் அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகே காலக்கெடுவைத் தள்ளிவைத்தது. நம் ஊரில் ஃபிளிப்கார்ட் 2012-இல் தொடங்கிய ஃபிளைட் இசைக் கடை அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அங்கே விற்றவை பூட்டில்லாத எம்பி3 கோப்புகள். இறக்கி வைத்திருந்தவர்களிடம் அவை இன்றும் பாடும். கணக்கில்தான் இருக்கிறதே, பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. வாங்கிய அன்றே இறக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே செய்ய வேண்டியவை

எந்த வடிவத்தில் இறக்குவது என்று கடை கேட்டால், ஃபிளாக் என்று சொல்லுங்கள். பேண்ட்கேம்ப்பில் ஒரே ஆல்பத்தை ஃபிளாக், எம்பி3, வேவ் என்று பல வடிவங்களில் இறக்கலாம். ஃபிளாக் என்பது ஒலியில் எதையும் இழக்காத சுருக்கம். அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எம்பி3 செய்துகொள்ளலாம். எம்பி3-ஐ ஃபிளாக் ஆக்கினால் இழந்தது திரும்பாது, கோப்பு மட்டும் பெருக்கும். இன்னொரு பெரிய நன்மை: சுருக்குவதற்கு முந்தைய ஒலியின் கைரேகை ஒன்று ஒவ்வொரு ஃபிளாக் கோப்புக்குள்ளும் பதிந்திருக்கிறது. பத்து ஆண்டு கழித்தும் கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று இணையத்தைக் கேட்காமலே சோதிக்கலாம். எம்பி3-இல் இந்த வசதி இல்லை.

இடம் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. சிடி தரத்து ஒலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட். ஃபிளாக்கில் அது பாதியைவிடச் சற்றுக் கூடுதலான அளவுக்குச் சுருங்கும். ஐந்து நிமிடப் பாடல் 30 மெகாபைட் என்று வைத்தால், ஆயிரம் பாடல் 30 ஜிகாபைட். அதே ஆயிரம் பாடல் 320 கிலோபிட் எம்பி3-இல் 12 ஜிகாபைட். இன்றைய ஹார்ட் டிஸ்க் விலைக்கு இந்த வித்தியாசம் பொருட்டே அல்ல.

ஆல்பம் ஜிப் கோப்பாக வந்தால் இணையம் உள்ள கணினியில் அதைப் பிரிக்காதீர்கள். ஜிப்புக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் இருக்கிறது. அப்படியே கொண்டுபோய் இணையம் இல்லாத கணினியில் செவன்-ஜிப் மென்பொருளில் பிரித்தால், வழியில் ஏதாவது கெட்டிருந்தால் அதுவே பிழை காட்டிவிடும். ஐடியூன்ஸில் வாங்கியதுபோல உதிரிக் கோப்புகளாக இருந்தால் நீங்களே ஒரு ஜிப் கட்டிக்கொள்ளுங்கள். சுருக்கத் தேவையில்லை, கட்டினால் போதும். ஐடியூன்ஸில் பாடலுக்குப் பக்கத்தில் மேகச் சின்னம் தெரிந்தால் அது இன்னும் கணினிக்கு வரவில்லை, முதலில் இறக்குங்கள்.

ரசீதையும் பிடிஎஃப் ஆக்கி ஜிப்போடு சேர்த்து வையுங்கள். கடை மறைந்தாலும் நீங்கள் முறையாக வாங்கியதற்கு அது சான்று. ஐடியூன்ஸ் கோப்புகளுக்குள் வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சலும் பதிவாகியிருக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ஆல்பத்தின் தகவல்களை இணையத்தில் தேடி நிரப்ப வேண்டுமானால், ஜிப்பின் நகல் ஒன்றை மட்டும் பிரித்து, அந்த வேலையை இணையம் உள்ள கணினியிலேயே முடித்து, மீண்டும் ஜிப் கட்டிக்கொள்ளுங்கள். மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் இதற்கு நல்ல மென்பொருள். மேற்கத்திய இசைக்கு அதன் தரவு அருமையாக இருக்கிறது. தமிழ்த் திரையிசைக்கும் கர்நாடக இசைக்கும் இடைவெளிகள் நிறைய. கையால் திருத்தியே ஆக வேண்டும்.

பென் டிரைவ்: நடுவில் நிற்கும் பாலம்

இரண்டு கணினிகளுக்கும் நடுவே ஒரு பென் டிரைவை இதற்கென்றே ஒதுக்குங்கள். அதை ஜெராக்ஸ் கடையிலோ நெட் சென்டரிலோ செருகாதீர்கள். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போகும் வைரஸ் நம் ஊரில் பரவியதே அப்படித்தான். இணையம் இல்லாத கணினியில் வைரஸ் தடுப்புத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஆகவே சோதனை வாசலிலேயே நடக்க வேண்டும்: இணையம் உள்ள கணினியில் பென் டிரைவை ஸ்கேன் செய்த பிறகே கழற்றுங்கள். இரண்டு கணினிகளிலும் கோப்பின் பின்னொட்டு தெரியும்படி அமைத்துவிடுங்கள். பாட்டு ஃபோல்டரில் எக்ஸி என்று முடியும் நிரல் கோப்பு எதுவும் இருக்கக் கூடாது.

வாங்கியதும் பென் டிரைவையே ஒருமுறை சோதியுங்கள். 128 ஜிகாபைட் என்று அச்சிட்டு உள்ளே சிறிய சிப்பை வைத்து விற்கும் போலிகள் சந்தையில் உண்டு. எழுதும்போது எல்லாம் சரியாக நடப்பதுபோலக் காட்டும், படிக்கும்போது பாதி கோப்பு வெறுமையாக இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவச மென்பொருள் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

ஃபார்மட் எது? வெறும் பாலம் என்றால் எக்ஸ்ஃபேட் போதும். கார் ஸ்டீரியோவிலும் செருகப்போகும் பென் டிரைவ் என்றால் ஃபேட்32. அதில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது, பெரிய ஜிப் கட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

டிரைவுக்குள் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று இரண்டு ஃபோல்டர்கள் போதும். வாங்கிய ஜிப்கள் ‘உள்ளே’ வழியாகப் போகும். காருக்கோ கைப்பேசிக்கோ எடுக்கும் நகல்கள் ‘வெளியே’ வழியாக வரும். ஒன்றை முடித்ததும் காலி செய்துவிடுங்கள். பென் டிரைவில் பழைய மூட்டை தங்கினால், எது மூலம் எது நகல் என்ற குழப்பம் அங்கிருந்துதான் தொடங்கும்.

மென்பொருள்களையும் இதே வழியில்தான் கொண்டுபோக வேண்டும். சில நிறுவிகள் பார்க்கச் சின்னதாக இருக்கும். ஓடத் தொடங்கியதும் மீதியை இணையத்திலிருந்து இழுக்கும். அவை அங்கே பயன்படா. முழு நிறுவியைத் தேடி எடுங்கள். விஎல்சி, ஃபூபார்2000, எம்பி3டேக், செவன்-ஜிப் நான்கையும் முழுமையாகக் கொண்டுபோகலாம். தமிழில் தட்டச்சு செய்ய என்எச்எம் ரைட்டர் அல்லது இ-கலப்பை நிறுவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணினியில் லினக்ஸ் போட்டிருந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு ஒன்றும் தேவைப்படலாம்; அது இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். இந்த நிறுவிகளை நிறுவியதும் அழிக்காமல் பாட்டு ஃபோல்டருக்கு வெளியே ‘கருவிகள்’ என்ற தனி ஃபோல்டரில் வைத்திருங்கள்.

ஃபோல்டரும் கோப்புப் பெயரும்

இங்கே என் முடிவு சிலருக்கு வருத்தம் தரலாம்: கோப்புப் பெயரும் ஃபோல்டர் பெயரும் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக இருக்கட்டும். டேக்கில், அதாவது பாடல் கோப்புக்குள் எழுதும் விவரத்தில், எல்லாம் தமிழில் இருக்கட்டும். தமிழ் மேல் அக்கறை இருப்பதால்தான் இப்படிச் சொல்கிறேன், காரணங்கள் இவை.

லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோட் தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட். ‘கி’ என்பது ககரமும் கொக்கியும் சேர்ந்த இரண்டு குறியீடு, ஆக ஆறு பைட். மொத்தம் 85 குறியீடுகள்தான் அடங்கும். எழுத்தாக எண்ணினால் 50-ஐ ஒட்டி நின்றுவிடும். பாடலின் முதலடியையும் பாடகர் பெயரையும் படத்தையும் சேர்த்துத் தமிழில் பெயர் வைத்தால், விண்டோஸில் ஒழுங்காக இருந்த கோப்பு லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றிலும் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்பாதி பின்பாதி என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய மேக் கணினிகளின் ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்பும் விண்டோஸில் தட்டச்சு செய்த கோப்பும் ஒரே பெயராகத் தெரிந்தாலும், நகலெடுக்கும் மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். ‘கோவில்’ என்று தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. காரணம் தெரியாமல் பொழுது போய்விடும்.

பல கார் ஸ்டீரியோக்களில் தமிழ் எழுத்துரு இல்லை என்பது மூன்றாவது காரணம்.

கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, நட்சத்திரக் குறி ஆகியவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. கேள்வியாக அமைந்த பல்லவிகள் நம் பாடல்களில் நிறைய, கேள்விக்குறியை டேக்கில் மட்டும் வையுங்கள். ஃபோல்டர் பெயரைப் புள்ளியில் முடிக்காதீர்கள். இனிஷியலைப் பின்னால் போட்டுப் பெயர் எழுதுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். கடைசிப் புள்ளியை விண்டோஸ் விழுங்கிவிடும், மற்ற கணினிகள் விழுங்காது.

அடுக்கு எளிமையாக இருக்கட்டும். திரையிசைக்கு: இசையமைப்பாளர், அதற்குள் படத்தின் பெயரும் ஆண்டும், அதற்குள் எண்ணோடு பாடல். ஆண்டு கட்டாயம். பில்லா என்று ஒரு ஃபோல்டர் மட்டும் இருந்தால் எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்த 1980 படமும் யுவன் சங்கர் ராஜா இசையமைத்த 2007 படமும் என்றாவது ஒருநாள் கலந்துவிடும். கர்நாடக இசைக்குப் பாடகர், அதற்குள் கச்சேரி அல்லது ஆல்பம். இவற்றுக்கு மேலே ‘வரவு’ என்று ஒரு ஃபோல்டர்: பிரித்த ஜிப் முதலில் இதில் இறங்கும், டேக் சரிபார்த்த பிறகே தன் இடத்துக்குப் போகும்.

டேக்: நேரம் செலவிட வேண்டிய இடம்

பாடல் கோப்புக்குள் எழுதப்படும் விவரம்தான் டேக். சேகரத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பிளேயரை மாற்றினாலும், கணினி பழுதானாலும், இருபது ஆண்டு கழித்து வேறு யாரோ திறந்தாலும், கோப்பே தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எம்பி3டேக் மென்பொருள் இணையமே இல்லாமல் முழுமையாக வேலை செய்யும். எம்பி3 கோப்புகளுக்கு ஐடி3 பதிப்பு 2.3, யூடிஎஃப்-16 என்ற அமைப்பில் எழுதச் சொல்லுங்கள். விண்டோஸும் பழைய பிளேயர்களும் இதைத் தடுமாறாமல் படிக்கும். ஃபிளாக் எப்போதும் யூடிஎஃப்-8, அங்கே அமைக்க எதுவும் இல்லை. யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் டிஸ்கி, தாப் போன்ற குறியேற்றங்களில் எழுதிய டேக்குகள் இன்று குப்பையாகத் தெரியும். மாற்றிகளைத் தேடி அலைவதைவிட அவற்றைப் புதிதாகத் தட்டச்சு செய்வது விரைவு.

திரைப்பாடலுக்கு என்ன எழுதுவது? கடைகளிலிருந்து வரும் டேக்கில் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் இசையமைப்பாளர், பாடகர்கள், சில சமயம் பாடலாசிரியர் எல்லாரும் ஒரே வரியில் கிடப்பார்கள். இதைப் பிரியுங்கள். ‘ஆர்ட்டிஸ்ட்’ பாடியவர்களுக்கு. ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ இசையமைப்பாளருக்கு, படத்தின் எல்லாப் பாடல்களுக்கும் ஒன்றேபோல. இதை விட்டால் ஒரே படம் பாடகருக்கு ஒன்றாகப் பிளேயரில் சிதறும். ‘கம்போசர்’ என்ற இடத்திலும் இசையமைப்பாளரையே எழுதுங்கள். ‘லிரிசிஸ்ட்’ என்ற இடத்தில் பாடலாசிரியர். கடைகள் பெரும்பாலும் கைவிடும் பெயர் பாடலாசிரியருடையதுதான். அதை நீங்கள் எழுதினால்தான் உண்டு. ஆண்டு என்ற இடத்தில் படம் வெளியான ஆண்டு வர வேண்டும். கடை டிஜிட்டலில் ஏற்றிய ஆண்டு அங்கே இருந்தால் 1960-களின் பாடல் 2010-களின் பாடலாக நிற்கும்.

பெயர்களை ஒரே மாதிரி எழுதுவது அடுத்தது. எஸ்பிபி, எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ். பி. பாலசுப்பிரமணியம் என்று மூன்று வடிவம் இருந்தால் பிளேயருக்கு அவர்கள் மூன்று பேர். ஒரு உரைக் கோப்பில் பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கலைஞர், ஒரே எழுத்து வடிவம், இனிஷியலுக்குப் பின் இடைவெளி உண்டா இல்லையா என்பது வரை. டேக் எழுதும்போது அதிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். இனிஷியல் முன்னால் வருவதால் அகரவரிசையில் எஸ். ஜானகியும் எஸ். பி. பியும் ஒரே கும்பலில் நிற்பார்கள். அது பிடிக்காவிட்டால் ‘ஆர்ட்டிஸ்ட் சார்ட்’ என்ற டேக்கில் இனிஷியல் இல்லாத பெயரை எழுதினால், அதை மதிக்கும் பிளேயர்கள் அந்த வரிசையில் அடுக்கும்.

கர்நாடக இசைக்கு வேறு ஒழுங்கு வேண்டும். ‘கம்போசர்’ வாக்கேயக்காரருக்கு, ‘ஆர்ட்டிஸ்ட்’ பாடியவருக்கு. ராகமும் தாளமும் இல்லாத டேக் பாதி டேக்தான். ‘எந்தரோ மகானுபாவுலு’ என்றால் தியாகராஜர், ஸ்ரீ ராகம், ஆதி தாளம். இவற்றுக்குத் தனி இடங்களை நீங்களே உருவாக்கலாம், ஆனால் ஃபிளாக்கில் அந்த இடத்தின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும். உள்ளே எழுதும் மதிப்பு தமிழில் இருக்கலாம். ஆகவே ராகம், தாளம் என்ற சொற்களை ஆங்கில எழுத்தில் தலைப்பாக வைத்து, ஸ்ரீ, ஆதி என்று தமிழில் நிரப்புங்கள். தனி இடங்களைக் காட்டாத எளிய பிளேயர்களுக்காகப் பாடல் தலைப்பின் வாலிலும் ராகத்தைச் சேர்த்துவிடலாம். இந்த உழைப்பின் பலன் சேகரம் பெருகும்போது தெரியும்: தோடி என்று தட்டினால் ஐம்பது ஆண்டுப் பாடகர்களின் தோடிகள் வரிசையாக வந்து நிற்கும். பெரும்பாலான கடைகளும் சந்தாச் சேவைகளும் இதை உங்களுக்குச் செய்து தருவதில்லை.

உறைப்படத்தைக் கோப்புக்குள்ளேயே பதியுங்கள். இணையம் இல்லாத பிளேயரால் அதைத் தேடி எடுக்க முடியாது. 600 முதல் 1000 பிக்சல் வரை போதும். பெரிய படங்களைப் பழைய கார் ஸ்டீரியோக்கள் தாங்குவதில்லை.

பிளேயரும் பிளேலிஸ்டும்

விண்டோஸுக்கு ஃபூபார்2000-ஐப் பரிந்துரைக்கிறேன். நிறுவும்போது ‘போர்ட்டபிள்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் அதன் அமைப்புகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கும். சேகரத்தோடு சேர்த்து நகலெடுக்கலாம். நீங்கள் உருவாக்கிய ராகம் போன்ற இடங்களையும் அது தேடும், தேடலையே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பிளேலிஸ்டாக மாற்றும். தோற்றம் எளிமையானது. பெற்றோருக்கென்றால் மியூசிக்பீ கண்ணுக்கு இன்னும் தெளிவாக இருக்கும். லினக்ஸில் ஸ்ட்ராபெரி நல்ல பிளேயர். ஒரே ஒரு விஷயத்தை ஒவ்வொன்றிலும் பாருங்கள்: மதிப்பெண், கேட்ட எண்ணிக்கை போன்றவற்றைப் பிளேயர் தன் தரவுத்தளத்தில் மட்டும் வைக்கிறதா, டேக்கிலும் எழுதுமா? டேக்கில் எழுதும் அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள்.

பிளேலிஸ்டுகளை எம்3யூ8 வடிவத்தில் வெளியே சேமியுங்கள். அது வெறும் உரைக் கோப்புதான், யூடிஎஃப்-8 என்பதால் தமிழ் கெடாது. சேமிக்கும்போது பாதைகள் சார்புப் பாதைகளாக, அதாவது பிளேலிஸ்ட் இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்குபவையாக இருக்க வேண்டும். டிரைவ் எழுத்தோடு முழுப் பாதை எழுதியிருந்தால், ஹார்ட் டிஸ்க் இ-யிலிருந்து எஃப்-க்கு மாறிய அன்று பட்டியல் முழுதும் செத்துவிடும். பிளேலிஸ்டுகளைப் பாட்டு ஃபோல்டரின் தலைவாசலிலேயே வைத்தால் நகல்களிலும் அப்படியே வேலை செய்யும்.

பழைய பாடல் மெல்ல ஒலித்து, அடுத்து வரும் புதுப்பாடல் காதைப் பிளப்பதைத் தவிர்க்க ரீப்ளேகெயின் இருக்கிறது. ஃபூபார்2000 ஒவ்வொரு பாடலையும் கேட்டு அளந்து, எவ்வளவு ஏற்ற வேண்டும் இறக்க வேண்டும் என்பதை டேக்கில் எழுதிவைக்கும். ஒலி மாறாது. இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடலாம்.

நகல்கள், கடிகாரம், ஆண்டுச் சோதனை

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ சொன்ன இந்த விதி பாட்டுக்கும் பொருந்தும். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, அக்கா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ இன்னொரு டிஸ்கில் ஒன்று. மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால், ஒரு இடி மின்னலோ வெள்ளமோ மூன்றையும் கொண்டுபோகும்; 2015-இல் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பென் டிரைவை நீண்டகால நகலாகக் கொள்ளாதீர்கள். மின்சாரம் படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதன் நினைவகம் மெல்ல மறக்கும்.

வெளி டிஸ்கில் சேகரத்தோடு, கடையிலிருந்து வந்த ஜிப்களையும் பிரிக்காமல் ‘மூல ஜிப்’ என்று தனியாக வையுங்கள். டேக் எழுதும்போது எது கெட்டாலும் திரும்பிப் போக அதுதான் வழி.

நகலெடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் போதும். திசை எப்போதும் கணினியிலிருந்து டிஸ்குக்கு. ஆனால் ‘மிரர்’ என்ற முறை இங்கே அழித்ததை அங்கேயும் அழிக்கும். ஓட்டுவதற்கு முன் அது காட்டும் பட்டியலைப் படியுங்கள். அழிக்கப்போவதாக நூறு கோப்புகளைக் காட்டினால், நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

கடிகாரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இணையம் உள்ள கணினி நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும், இது செய்யாது. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்போது திருத்திய டேக்குகள் பழைய தேதியோடு நிற்கும்; எது புதியது என்று தேதியை வைத்து முடிவுசெய்யும் மென்பொருள், பழையதைப் புதியதன்மேல் எழுதிவிடும். நகலெடுக்கும் முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள், மலிவான பொருள்தான். ஃபேட்32 டிஸ்குகள் நேரத்தை இரண்டு நொடிக்கு ஒன்றாகவே பதிவதால், மாறாத கோப்பும் மாறியதாகத் தெரியலாம். ஒப்பிடும் அமைப்பில் இரண்டு நொடி விலக்கு கொடுத்தால் சரியாகிவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது என்று வைத்துக்கொள்ளலாம், வேறு வீட்டில் இருக்கும் டிஸ்கை வரவழையுங்கள். ஃபிளாக் கோப்புகள் அனைத்தையும் ஃபூபார்2000-இல் முழுமைச் சோதனைக்கு விடுங்கள். அந்த வசதி உங்கள் நிறுவலில் இல்லையென்றால், தனித் துணைக்கூறாக இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். பிழை காட்டும் கோப்பை மற்ற நகலிலிருந்து எடுத்து மாற்றுங்கள். எம்பி3, எம்4ஏ கோப்புகளுக்கு, மூல ஜிப்பைச் செவன்-ஜிப்பின் சோதனையில் ஓட்டினால் போதும். பிறகு ஒரு ஆல்பத்தை டிஸ்கிலிருந்து வேறு கணினிக்கு நகலெடுத்து, பிளேலிஸ்ட் உட்பட ஓடுகிறதா பாருங்கள்.

கடைசியாக, பாட்டு ஃபோல்டரின் தலைவாசலில் ‘முதலில் படிக்கவும்’ என்று ஓர் உரைக் கோப்பு. எந்த ஃபோல்டரில் என்ன, நகல்கள் எங்கே யாரிடம், பாடல்கள் எந்தெந்தக் கடையில் எந்த மின்னஞ்சலில் வாங்கியவை, புதுப் பாடல் வந்தால் முதலில் எங்கே போட வேண்டும், எந்தப் பிளேயரில் திறக்க வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம். வீட்டில் கணினி பழகாத ஒருவரிடம் அதைக் கொடுத்து, உங்கள் உதவி இல்லாமல் ஒரு பாட்டைத் தேடி ஓடவிடச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.